நடந்து பார்ப்போம், எழுதி வைப்போம்
(திருமழபாடியைச் சுற்றியுள்ள திறந்தவெளிகளைப் பற்றி ஒரு பாடம்)

பூங்கா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? இரும்பு வேலி, வெட்டிச் சீராக்கிய புல்தரை, ஊஞ்சல், சறுக்குமரம், நுழைவாயிலில் ஒரு காவலாளி. இத்தகைய பூங்காக்கள் பெருநகரங்களில் பல உண்டு. நம்மைப் போன்ற சிற்றூர்களில் அவை அரியனவே. ஆகவே, "நமக்குப் போக ஓர் இடமும் இல்லையே!" என்று நம்மில் பலர் விடுமுறை நாள்களில் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

ஆனால் சற்றே எண்ணிப் பார்ப்போம். நம் ஊரின் விளிம்பில் கொள்ளிடம் ஓடுகிறது. வடக்கே போனால் உலக வரைபடத்தில் இடம்பெற்ற ஒரு பறவை ஏரி இருக்கிறது. இன்னும் சற்று வடமேற்கே சென்றால், கல்லாகிப் போன ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. கிழக்கே ஆற்றோரமாகச் சென்றால் வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் வருகிறது. இவை யாவும் எவரோ ஒருவருக்குச் சொந்தமான தோட்டங்கள் அல்ல. எல்லாருக்கும் பொதுவானவை. இவற்றைப் பார்க்க வேண்டுமானால் நமக்கு வேண்டியவை இரண்டு: நடக்கும் கால்களும் கவனிக்கும் கண்களும். மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அது ஒரு குறிப்பேடு. அது ஏன் வேண்டும் என்பதை இக்கட்டுரையின் போக்கில் காண்போம்.

1. கொள்ளிடக் கரை

முதலில் நம் வாசலிலிருந்தே தொடங்குவோம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயருடனேயே வயல்களுக்குப் பாய்கிறது. வடகிளை கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. அத்தீவின் கீழ்க்கோடியில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்கிவரும் இடத்தில்தான் கல்லணை நிற்கிறது. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்தது. எனவே வெள்ளக் காலத்தில் மிகுதி நீர் முழுவதும் இதன் வழியாகவே கடலுக்குச் செல்கிறது. காவிரி நமக்குச் சோறு போடும் ஆறு என்றால், கொள்ளிடம் ஊரை வெள்ளத்திலிருந்து காக்கும் ஆறு எனலாம். 1836-ஆம் ஆண்டையொட்டிச் சர் ஆர்தர் காட்டன் மேலணையையும், நமக்குக் கிழக்கே அணைக்கரையில் கீழணையையும் கட்டியது இந்த இரு கிளைகளின் நீரையும் ஒழுங்குபடுத்தவே ஆகும்.

ஆண்டின் பெரும்பகுதியில் கொள்ளிடத்தில் நீரைவிட மணலே மிகுதி. அந்த மணலைப் பயனற்றது என்று நினைத்துவிடக் கூடாது. மணல் என்பது நிலத்தடி நீரின் பத்தாயம். மழைநீரும் வெள்ளநீரும் மணலின் இடுக்குகளில் இறங்கித் தங்குகின்றன. ஆற்றில் நீர் ஓடாத கோடையிலும் கரையோரக் கிணறுகளில் நீர் கிடைப்பதற்கு இதுவே காரணம். மணலை அளவுக்கு மீறி அள்ளினால் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் கிணற்றின் நீர்மட்டமும் இறங்கும். பாலங்களின் அடித்தளமும் அணைகளின் அடித்தளமும் வலுவிழக்கும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்து விழுந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். நூற்றெண்பது ஆண்டு நின்ற அணையும் கவனிப்பின்றி நிலைக்காது என்பதை அந்நாள் நமக்குக் கற்பித்தது.

கரைமீது நடக்கும்போது நாம் கவனிக்க வேண்டியவை பல. நீரோட்டம் கரையை அரிக்கும் பக்கம் எது, மணலைச் சேர்க்கும் பக்கம் எது? ஆறு வளையும்போது வெளிவளைவில் நீர் விரைந்து பாய்ந்து மண்ணை அரிக்கிறது. உள்வளைவில் வேகம் குறைந்து மணலைப் படியவைக்கிறது. பூகோளப் புத்தகத்தில் படமாகப் பார்த்து மனப்பாடம் செய்ததை இங்கே கண்ணால் காணலாம். நம் ஊருக்கு அருகே ஆறு வடக்கு நோக்கித் திரும்பிச் செல்கிறது என்று மக்கள் அதனைச் சிறப்பாகக் கருதுவர். ஒரு திசைகாட்டியைக் கையில் கொண்டு சென்று அதை நாமே சோதித்துப் பார்க்கலாம். நாணல் எங்கே வளர்கிறது, கோரை எங்கே வளர்கிறது, மரங்கொத்தி எந்த மரத்தில் பொந்து வைத்திருக்கிறது என்பனவெல்லாம் இப்பாடத்தில் அடங்கும்.

2. கல்லில் எழுதிய பாடம்

கரையை ஒட்டி நிற்கிறது வைத்தியநாதசுவாமி கோயில். சமயக்குரவர் மூவரும் பாடிய தலம் இது. பங்குனியில் நடைபெறும் நந்தி கல்யாணத்தின்போது திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போலத் திரளான மக்கள் ஆறு கடந்து வருவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆற்று வழி என்பது எத்தனை பழமையான நடைபாதை என்பதற்கு அது ஒரு சான்று.

இக்கோயிலின் கல்வெட்டு ஒன்று நம் எல்லாருக்கும் ஓர் அரிய செய்தியைச் சொல்கிறது. முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1013-இல், இக்கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவர்களில் முன்னோர் கொடுத்த நிலம், விளக்கு, பொன் ஆகியவற்றைப் பற்றிய கல்வெட்டுகள் இருந்தன. சுவரைப் பிரித்தால் அவை அழிந்துபோகும். ஆகவே, பிரிப்பதற்கு முன்னர் அவற்றையெல்லாம் ஏட்டில் படியெடுத்து வைக்கும்படி செய்தனர். பின்னர் அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026-இல், அந்த ஏட்டைப் பார்த்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டி வைத்தனர்.

இதன் பொருள் யாது? காலம் மாறும். பழையது போய்ப் புதியது வரும். அதைத் தடுக்க இயலாது. ஆனால் போவதற்கு முன் எழுதி வைத்தவர்களால்தான் பழையது பிழைத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் நடந்த இந்தச் செயலை மனத்தில் பதித்துக்கொண்டு மேலே நடப்போம்.

3. ஏலாக்குறிச்சி: முனிவர் வாழ்ந்த ஊர்

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியிலேயே கிழக்காகச் சென்றால் ஏலாக்குறிச்சி வரும். திருக்காவலூர் என்று இவ்வூருக்கு இலக்கியத்தில் பெயர். இத்தாலியில் காஸ்திலியோன் என்னும் ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயேசு சபைக் குரு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்து, தமிழ் கற்று, வீரமாமுனிவர் ஆனார். இங்கே அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். திருக்காவலூர்க் கலம்பகம் அந்த அன்னையின்மேல் அவர் பாடியதே. சதுரகராதியையும் தொன்னூல் விளக்கத்தையும் நமக்குத் தந்தவரும் அவரே. 1747-இல் அவர் மறைந்தார்.

புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு அவர் இயற்றிய தேம்பாவணி 3,615 பாடல்களை உடையது. அதைப் படிப்போர் ஒரு வியப்பைக் காண்பர். கதை நிகழும் நாடு யூதேயா. அங்கே மழை குறைவு, பாறை மிகுதி. ஆனால் முனிவர் அந்நாட்டை வருணிக்கும்போது வயலும் வாய்க்காலும் தாமரையும் அன்னமும் நிறைந்த மருத நிலமாகவே காட்டுகிறார். தமிழ்க் காப்பிய மரபு அவ்வாறு வேண்டியது உண்மைதான். ஆயினும், அவர் கண்முன் இருந்த நிலமும் இதுதானே! வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நம் நிலத்தை இத்துணை அன்புடன் பார்த்தார் என்றால், இங்கேயே பிறந்த நாம் எப்படிப் பார்க்க வேண்டும்?

ஏலாக்குறிச்சிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் இன்றும் உண்டு. கொள்ளிடத்துக்குத் தெற்கே பூண்டி மாதா ஆலயத்துக்கும், ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கும் கால்நடையாகச் செல்வோரை நாம் சாலையில் பார்க்கிறோம். அவர்கள் செல்லும் சாலையோரத்து ஆலமரமும் புளியமரமும் தண்ணீர்ப்பந்தலும்தான் நம் நாட்டின் மிகப் பழைய நடைபாதைப் பூங்கா. சாலையை அகலப்படுத்தும்போது ஒரு புளியமரம் விழுந்தால், ஓராயிரம் பயணிகளின் நிழல் விழுகிறது. அகலமான சாலையும் வேண்டும், நிழலும் வேண்டும் என்றால், ஒரு மரத்துக்கு ஈடாகப் பல கன்றுகளை வைத்து, மூன்று கோடைகளாவது நீரூற்ற வேண்டும். கன்று நடும் விழாவோடு நின்றுவிட்டால் நிழல் வாராது.

4. கரைவெட்டி: பறவைகளின் விருந்தினர் விடுதி

அரியலூர் மாவட்டத்தின் பெருமைகளுள் ஒன்று கரைவெட்டி ஏரி. பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். பறவைகள் சரணாலயமாகப் பாதுகாக்கப்படும் இவ்வேரி, 2024 ஜனவரி இறுதியில் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971-இல் உலக நாடுகள் கூடி, நீர்நிலைகளைக் காப்பதற்காக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி உலக முக்கியத்துவம் உடையதாக ஏற்கப்படும் நீர்நிலையே ராம்சார் தலம். நம் மாவட்டத்து ஏரி ஒன்று ஒடிசாவின் சிலிகா ஏரியுடனும் இராசத்தானின் பரத்பூருடனும் ஒரே பட்டியலில் நிற்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இந்த ஏரி இயற்கையாக அமைந்தது அன்று. தாழ்ந்த பக்கத்தில் கரை போட்டு மழைநீரைத் தேக்கிய பாசன ஏரி. வரத்து வாய்க்கால், மதகு, கலிங்கு ஆகிய மூன்றும் இதன் உறுப்புகள். வரத்து வாய்க்கால் நீரைக் கொணரும். மதகு வயலுக்கு விடும். கலிங்கு மிகுதி நீரை வெளியேற்றிக் கரையைக் காக்கும். வடகிழக்குப் பருவமழையோடு, புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரி நீரும் இங்கு வந்து சேர்கிறது. ஆகவே மேட்டூரில் நீர் இருந்தால் கரைவெட்டியில் பறவை இருக்கும் என்று சொன்னால் அது மிகையன்று.

நவம்பர் முதல் மார்ச் வரை இங்கு வரும் விருந்தினர் பலர். வரித்தலை வாத்து இமயத்துக்கு அப்பாலுள்ள திபெத், மங்கோலியா முதலிய மேட்டுநிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமய மலையையே தாண்டிப் பறந்து வருகிறது. அவ்வுயரத்தில் காற்று மிக மெல்லியது. மூச்சுவிடுவதற்கே மனிதர் தவிப்பர். அங்கே சிறகடிக்கும் பறவை, வழிகாட்டியோ வரைபடமோ இன்றி நம் ஊர் ஏரியைத் தேடி வருகிறது. தலையின் பின்புறத்தில் இரண்டு கரிய கோடுகள் இருப்பதால் அதை எளிதில் இனங்காணலாம். ஊசிவால் வாத்து, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், நாமக்கோழி ஆகியவற்றையும் தேடிப் பார்க்கலாம். நாமக்கோழியின் நெற்றியிலுள்ள வெள்ளை அடையாளத்தைக் கண்டதும் அதன் பெயர்க்காரணம் விளங்கிவிடும்.

பறவைக்கு ஏரி உதவுகிறது. ஏரிக்குப் பறவை உதவுகிறதா? ஆம். பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, மதகு வழியே வயலுக்குச் சென்று உரமாகிறது. இதை நம் உழவர்கள் விஞ்ஞானம் படிக்காமலேயே அறிந்திருந்தனர். செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கலில் ஊரார் தம் ஏரிப் பறவைகளைச் சிலர் சுடுவது கண்டு முறையிட்டு, 1798-இல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அரசு வேலி போடுவதற்கு முன்னரே ஊரார் மனத்தால் வேலி போட்டனர். அந்த வேலியே உறுதியானது.

5. சாத்தனூர்: கல்லாகிய மரம்

இப்போது பெரம்பலூர் மாவட்டத்துக்குச் செல்வோம். ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூர் என்னும் சிற்றூர். அங்கே பூமியில் படுத்துக் கிடக்கும் ஒரு மரம், 18 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. தொட்டால் மரமன்று, கல். 1940-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். தஞ்சைப் பகுதியில் பிறந்த அவர் 1951-இல் அத்துறையின் இயக்குநர் பதவியை ஏற்ற முதல் இந்தியர். இன்று இந்த இடம் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது.

மரம் எவ்வாறு கல்லாயிற்று? ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைய கரையைவிட வெகு தூரம் உள்ளே வந்து, இன்றைய அரியலூர், பெரம்பலூர் நிலங்களை மூடியிருந்தது. நிலவியலார் அதைக் கிரிட்டேசியஸ் காலம் என்பர். கரையோரக் காட்டில் நின்ற மரங்களுள் சில ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் கடலடியில் புதைந்தன. மேலே சேறும் மணலும் விரைந்து மூடின. காற்றுப் படாததால் மரம் மக்கவில்லை. சிலிகா என்னும் மணற்சத்து கரைந்த நீர் மரத்தின் நுண்ணறைகளுக்குள் மெல்ல மெல்லப் புகுந்தது. மரச்சத்து நீங்கிய இடமெல்லாம் சிலிகா அமர்ந்தது. வீட்டுச் சுவரில் பழைய செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் புதிய கல்லை வைப்பது போன்ற வேலை இது. வீட்டின் வடிவம் மாறவில்லை. கல் மட்டும் மாறியது. அதனால்தான் மரத்தின் நார்வரிகள் இன்றும் தெரிகின்றன.

அதே கடலின் அடித்தரையே நம் பகுதியின் சுண்ணாம்புக்கல். சிப்பிகளும் நத்தைகளும் கடல்வாழ் நுண்ணுயிர்களும் கோடிக்கணக்கில் இறந்து படிந்ததில் பிறந்தது அது. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டு என்னும் உயிரியின் படிவங்கள் இங்கு கிடைக்கின்றன. 1860-களிலேயே பிளான்போர்டு என்னும் அறிஞர் இப்பாறைகளை ஆராய்ந்து எழுதினார். உலகின் நிலவியல் மாணவர் பலர் நம் சிற்றூர்களின் பெயர்களைப் பாறை அடுக்குகளின் பெயர்களாகப் படிக்கின்றனர். காரை அருகே செம்மண்ணும் களிமண்ணும் மழையால் அரிக்கப்பட்டு மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் நிலத்தைத் தரிசு என்று நாம் சொல்வோம். அறிஞர்களுக்கோ அது திறந்து வைத்த புத்தகம்.

இச்சுண்ணாம்புக்கல்லை நம்பியே 1939-இல் டால்மியாபுரத்திலும், 1979-இல் அரசுத் துறையில் அரியலூரிலும் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. பல குடும்பங்களுக்கு அவை வாழ்வளித்துள்ளன. நம் வீட்டுச் சுவரிலும் அந்தப் பழங்கடல் கலந்திருக்கிறது. ஆகவே, கல்லை எடுப்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. எடுக்கும் முன் எழுதி வைத்தோமா என்பதே நம் வினா. இராசராசன் காலத்து மக்கள் கோயில் சுவருக்குச் செய்ததை, நாம் இந்தப் பாறைக்குச் செய்தோமா?

6. உதிர்ந்துபோன எலும்புகள்

இதற்கு விடையாக ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. அரியலூருக்கு அண்மையிலுள்ள கல்லமேடு என்னும் இடத்தில் மிகப் பெரிய தொல்விலங்கின் எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு நிலவியல் அறிஞர்கள் 1980-களில் அதைப் பற்றி எழுதி, புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பேருடல் கொண்டது என்பது பொருள். பூமியில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

"இருக்கலாம்" என்று ஏன் சொல்ல வேண்டும்? அளந்து பார்த்து உறுதி செய்ய இயலாதா? இயலாது. அந்த எலும்புகள் இப்போது இல்லை. வெடிப்பு மிகுந்திருந்த அவை நாளடைவில் உதிர்ந்து அழிந்துவிட்டன என்று 2017-இல் அறிவிக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் தாங்கிய எலும்பு, வெளியே வந்து நாற்பது ஆண்டுகூடத் தாங்கவில்லை. எஞ்சியவை அறிஞர்கள் எழுதிய குறிப்பும், வரைந்த கோட்டுப் படங்களும், 2022-இல் வெளியான பழைய புகைப்படங்கள் சிலவுமே. அவையும் இல்லாதிருந்தால், அப்படி ஒரு விலங்கு நம் மண்ணில் நடந்ததாகவே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

குறிப்பேடு எதற்கு என்று தொடக்கத்தில் கேட்டோமே, விடை இதுதான். இன்று நம் பகுதியில் கிடைக்கும் படிவங்களைப் பாதுகாக்க வாரணவாசியில் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. பெற்றோர் தம் பிள்ளைகளை ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

7. பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம்

இவ்விடங்களைப் பற்றி மாணவியர்க்குச் சொல்வது எளிது. அங்கு அவர்கள் செல்வது எளிதா? இதை வெளிப்படையாகவே பேசுவோம். மூன்றாம் வகுப்பு வரை அண்ணன் தம்பியரோடு ஆற்று மணலில் ஓடி விளையாடும் பெண் குழந்தை, எட்டாம் வகுப்புக்கு வந்ததும் கரைக்கு வருவதில்லை. ஆற்றை அவள் பேருந்துச் சன்னல் வழியேதான் பார்க்கிறாள். தம்பிக்கோ ஆறும் ஏரியும் மைதானமும் இன்னும் சொந்தம். பாடப்புத்தகத்தில் இருவருக்கும் ஒரே வினாத்தாள். ஆனால் நேரில் பார்த்தவன் ஒருவன், படத்தில் பார்த்தவள் ஒருத்தி.

தாய் தந்தையரின் அச்சம் நியாயமானதே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அச்சத்துக்கு மருந்து வீட்டிலேயே இருத்திவிடுவது அன்று; துணையோடு அழைத்துச் செல்வது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின், நான்கு குடும்பங்கள் சேர்ந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குச் சென்றால் யாருக்கு என்ன குறை? அம்மாவும் பாட்டியும் உடன் வரட்டும். எந்தக் கீரை எங்கே முளைக்கும், எந்த ஆண்டில் வெள்ளம் எதுவரை வந்தது என்பவற்றை அவர்களே நமக்குச் சொல்லித்தர முடியும். மக்கள் குடும்பமாக நடமாடும் இடத்தில் தீயவர் ஒதுங்குவர். குப்பை கொட்டுவோர் தயங்குவர். யாரும் போகாத இடமே பாதுகாப்பற்ற இடமாகிறது. ஆகவே நாம் போவதே அதற்குப் பாதுகாப்பு.

படைப்பின்மீது அன்பு கொள்வது திருச்சபை நமக்குக் கற்பிக்கும் நெறி. அசிசி நகர்ப் புனித பிரான்சிசை 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பூமியை நம் பொது இல்லமாகக் கருதிப் பேண வேண்டும் என்று ஒரு சுற்றுமடலே எழுதினார். பொது இல்லம் என்றால் அதன் எல்லா அறைகளிலும் பெண் மக்களுக்கும் இடமுண்டு அல்லவா?

8. நடைக்கு வேண்டிய ஒழுங்குகள்

ஒன்று: தனியே செல்லலாகாது. பெரியவர் ஒருவரேனும் உடன் இருத்தல் வேண்டும். எங்கு செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிச் செல்ல வேண்டும்.

இரண்டு: ஆற்றில் இறங்கலாகாது. மணல் அள்ளிய குழிகள் நீரடியில் மறைந்திருக்கும். மேலே அணை திறந்தால் வறண்ட படுகையிலும் நீர் விரைந்து வரும். காய்ந்த ஓடை என்று எதையும் நம்பக் கூடாது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் வந்து, இரயில் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி தம் இரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தார். அதுவும் கோடையில் நாம் தாண்டிச் செல்லும் சிற்றாறுதான்.

மூன்று: ஏரியில் உரக்கப் பேசலாகாது. பளிச்சென்ற நிற உடையைத் தவிர்க்க வேண்டும். கூட்டையும் முட்டையையும் தொடலாகாது.

நான்கு: கல்மரத் துண்டையோ படிவத்தையோ நினைவுப் பொருளாக எடுத்துவரலாகாது. கிடைத்த இடத்தில் இருக்கும்போதுதான் அது பேசும். மேசை அலமாரிக்கு வந்துவிட்டால் ஊமையாகிவிடும். கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஐந்து: கொண்டுசென்ற தாளையும் பையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். காலையிலோ மாலையிலோ செல்வது நலம். தண்ணீர், தொப்பி அல்லது குடை, காலணி ஆகியவை இன்றியமையாதவை.

9. செய்து பார்க்க

வகுப்புக்கு ஒரு பேரேடு வைத்து, கீழ்க்கண்டவற்றை ஆண்டு முழுவதும் எழுதி வருவோமாக.

அ) உங்கள் தெருக் கிணற்றின் நீர்மட்டம் தரையிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது? மாதம் ஒருமுறை கயிற்றால் அளந்து தேதியுடன் எழுதுக.

ஆ) கொள்ளிடத்தில் நீர் வந்த நாள், வடிந்த நாள் ஆகியவற்றைக் குறிக்க.

இ) உங்கள் ஊர் ஏரியிலோ குளத்திலோ இவ்வாண்டு முதன்முதல் கண்ட நாரை எது? எந்நாள்?

ஈ) பள்ளிக்கு வரும் வழியில் உள்ள பெரிய மரங்களை எண்ணுக. அடுத்த ஆண்டு மீண்டும் எண்ணுக.

உ) உங்கள் பாட்டியிடம் கேட்டு, அவர் சிறுமியாக இருந்தபோது இருந்து இப்போது இல்லாத ஒரு குளம், ஒரு தோப்பு, ஒரு வழி ஆகியவற்றின் பெயரை எழுதுக.

ஓராண்டுக் குறிப்பு சிறிய செய்தியாகத் தோன்றும். பத்தாண்டுக் குறிப்பு ஓர் ஆராய்ச்சி. இப்பேரேட்டை மேல்வகுப்புக்குச் செல்லும் மாணவியர் கீழ்வகுப்பினரிடம் ஒப்படைத்துச் செல்லட்டும். ஆறு ஓடிக்கொண்டே இருக்கும், ஆண்டுகளும் அவ்வாறே. நாம் பள்ளியை விட்டுச் சென்று, நம் மகள்கள் இதே வகுப்பில் வந்து அமரும் நாளில், இந்த ஏரிக்கு எப்போது எந்தப் பறவை வந்தது, இந்தக் கிணற்றில் எத்தனை அடியில் நீர் இருந்தது என்று அவர்கள் கேட்டால், விடை சொல்ல நம் கையெழுத்து இருக்கும்.